மூன்று ஆணிகள்

மேலூரில் நெல் மூட்டை ஏற்றியாகிவிட்டது. தார்ப்பாய் மேல் கயிறு வீச என் வலது கை எழவில்லை, லோடுமேன்தான் வீசினார். இன்னொரு முறை இப்படியானால் வேறு டிரைவரைப் போடுவதாக முதலாளி சொல்லியிருக்கிறார். திண்டுக்கல் போகும் வழியில், சமயநல்லூரில் லாரியை ஓரங்கட்டிவிட்டு, அக்குபங்சர் பார்க்கும் ஒரு பெண்ணிடம் போகிறேன்.

அறைச் சுவரில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று ஆணிகள்.

"அந்தக் கையால துண்டை மாட்டுங்கண்ணே."

கீழ் ஆணிதான் எட்டுகிறது.

முடி போல ஒரு ஊசியை எடுத்து முழங்காலுக்குக் கீழே குத்துகிறார்.

"வலி தோள்லம்மா."

"தெரியுது. சுவிட்சு ஒரு பக்கம், லைட்டு ஒரு பக்கம் இருக்குதுல்ல? கையை மெதுவா ஆட்டுங்க."

எறும்பு கடித்த மாதிரி இருக்கிறது. பிறகு கால் கனக்கிறது. கையை ஆட்டிக்கொண்டே இருக்கிறேன். இருபது நிமிடம் கழித்து ஊசியை உருவிவிட்டுத் துண்டை நீட்டுகிறார். நடு ஆணியில் மாட்டிவிட்டேன்!

"மேல் ஆணி எப்பம்மா?"

"அஞ்சாறு தடவை வரணும். அப்பவும் எட்டலைன்னா ஸ்கேன் எடுங்க. உள்ள கிழிஞ்சிருந்தா ஊசி மட்டும் போதாது."

இவ்வளவு ஒளிவுமறைவில்லாமல் எனக்கு யாரும் வைத்தியம் சொன்னதில்லை. வெளியே வந்து முதலாளிக்குப் போன் போடுகிறேன்.

"வேற ஆள் பாக்காதீங்கண்ணே. இன்னும் ஒரு ஆணிதான் பாக்கி."

"என்ன ஆணிடா?"

"நேர்ல வந்து சொல்றேன்ணே."