முடிந்துபோன சான்றிதழும் பாதி மாத்திரையும்

நான் லண்டனின் மோர்டனில் அம்மாவுடன் வசிக்கும் மென்பொருள் பொறியாளர். வருமானம் குறைந்தவர்களுக்கான இலவச மருந்துச் சான்றிதழுக்கு அம்மாவின் பெயரில் நானே விண்ணப்பித்தேன். வந்ததும் கோப்பில் வைத்தேன். அதற்கு முடிவுத் திகதி உண்டு என்பதைக் கவனிக்கவில்லை.

சில மாதங்களுக்கு முன் அம்மா சமையலறையில் தலைசுற்றி விழுந்தார். அம்புலன்சில் வந்தவர்கள் அளந்தபோது இரத்த அழுத்தம் மிக அதிகமாக இருந்தது.

"மாத்திரை போடேல்லையா அம்மா?"

"பாதி பாதியாப் போட்டனான். சேட்டிபிக்கற் முடிஞ்சுது, இனிக் காசு கட்டவேணும் எண்டு மருந்துக்கடையில சொல்லிச்சினம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ வேலையால களைச்சு வாறனி. கொம்பியூட்டர் படிச்ச பிள்ளைக்கு ஒரு திகதி பாக்கத் தெரியாதோ எண்டு கேக்கவும் மனம் வரேல்லை."

அன்றிரவே மீண்டும் விண்ணப்பித்தேன். புதிய சான்றிதழ் வர வாரங்கள் ஆகின. அதுவரை மாத்திரையைக் காசுக்கு வாங்கினோம். வாங்கும்போதே கேட்டால்தான் பணத்தை மீளப்பெறும் ரசீது தருவார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

இப்போது முடிவுத் திகதிக்கு ஒரு மாதம் முன்பே கைப்பேசி நினைவூட்டும். ஆனால் அம்மா மறைப்பதை அது சொல்லாது. எனவே ஞாயிறுதோறும் மாத்திரை அட்டையை எடுத்து, காலியான குழிகளை எண்ணுகிறேன். அம்மா அதைப் பார்த்தும் பார்க்காதவர்போல் இருக்கிறார்.