அம்மா மறந்துபோன பெயர்

இன்று அந்த லாட்ஜ் வாசலில் கற்பூரம் மணந்ததும், முன்பு அதே இடத்தில் இருந்த எங்கள் லைன் வீடும், என் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முந்தின பௌர்ணமியில் மலை சுற்றக் கிளம்பிய பெண்களின் வளையல் சத்தமும் திரும்பி வந்தன. கிரிவலப் பாதையில் லிங்கத்துக்கு லிங்கம் கற்பூரம் ஏற்றி, பரீட்சை எழுதும் லைன் வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் பெயர் சொல்லி வேண்டிக்கொண்டு விடியலில் திரும்பிய அம்மா, என்னைப் பார்த்ததும், "ஐயோ, உன் பேரை மறந்துட்டேன்டி!" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பின்னாலேயே வந்த பக்கத்து வீட்டு சரோஜா அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. "ஏன்க்கா பயப்படுறீங்க? வழி முழுக்க நான் அவ பேரைத்தானே சொல்லிக்கினு வந்தேன்" என்று சிரித்தாள்.

ரிசல்ட் வந்த அன்று அம்மா சர்க்கரை டப்பாவைத் தேடி எடுப்பதற்குள், சரோஜா அக்கா தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்து முடித்திருந்தாள், "என் பொண்ணு பாஸாயிட்டா!" என்று.