குமுதா ஆடினார், நான் விசில் ஊதினேன்

கூடைப்பந்து நடுவர் வேலை என்பது, இரண்டு அணிகளிடமும் பாரபட்சமில்லாமல் திட்டு வாங்கிக்கொண்டு நடுவில் மூச்சிரைக்க ஓடுகிற வேலை. என்னைப் போல ஞாயிற்றுக்கிழமையானால் கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜெயித்தவர்கள் நம்மை அங்கேயே மறந்துவிடுவார்கள். தோற்றவர்கள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே வந்து திட்டுவார்கள். வார நாட்களில் திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்து ஆபீஸில் எனக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் காலை நீட்டிக்கொண்டு படுத்திருக்கலாம். அப்படிப் படுக்காமல் போனதற்கு, 2004 முதல் 2006 வரை மரக்காணம் பக்கத்தில் நான் பார்த்த ஒரு ஆட்டக்காரர்தான் காரணம்.

நான் ஏமாந்த கதை

2004 கோடையில் மரக்காணத்தில் ஒரு மகளிர் போட்டி. உள்ளூர் அணியில் மொத்தமே ஐந்து பேர், மாற்றாள் கிடையாது. ஐந்து பேரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், கல்யாணமான பிறகும் ஆட்டத்தை விடாதவர்கள். அவர்களில் கார்டு, அதாவது பந்தை எடுத்து வந்து ஆட்டத்தை நடத்துகிறவர், குமுதா. முப்பது வயதிருக்கும். ஐந்தடிக்கு ஒரு விரற்கடை குறைவு. விடியற்காலையில் உப்பளத்துக்குப் போய் பாத்தியில் உப்பு வாரிவிட்டு, நேராக மைதானத்துக்கு வந்திருந்தார். எதிரணிப் பெண்கள் அவரைப் பார்த்துத் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள். பொய் சொல்லக் கூடாது, எனக்கும் சிரிப்பு வந்தது.

முதல் நிமிடத்திலேயே குமுதா இடது பக்கம் திரும்பி, "தேவகி, பிடி!" என்று கத்தினார். எதிரணி மொத்தமும் இடது பக்கம் பாய்ந்தது. நானும் அந்தப் பக்கம் ஓடினேன். அங்கே தேவகியும் இல்லை, பந்தும் இல்லை. வலது பக்கம், கூடைக்கு அடியிலிருந்து தேவகி பந்தைக் கூடையில் போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். ஆட்டத்தைப் பார்ப்பதுதான் என் வேலை, அதையே நான் பார்க்கவில்லை. எப்படி விழித்தேனோ தெரியாது. பக்கத்தில் ஓடிவந்த குமுதா மெதுவாகச் சொன்னார்: "சார், அது ரெண்டு பாயிண்டு. கைய காட்டுங்க."

துணி சுற்றிய கால்

அந்தப் போட்டியின் இரண்டாம் நாள், ஷூ இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது என்று அமைப்பாளர்கள் சொல்லிவிட்டார்கள். முதல் நாள் வெறுங்காலில் ஆடியவர் குமுதா ஒருவர்தான். நான் போய்ச் சொன்னேன். "ரெண்டு நிமிஷம் குடுங்க சார்" என்று கேட்ட குமுதா, பழைய புடவைத் துணியைக் கிழித்து இரண்டு பாதங்களிலும் சுற்றிக்கொண்டு, யாருடைய ஷூவையோ வாங்கி மாட்டிக்கொண்டு வந்தார். நாற்பது நிமிடமும் ஆடினார். ஒரு தடவைகூட நொண்டவில்லை.

ஆட்டம் முடிந்து அவர் ஷூவைக் கழற்றும்போதுதான் பார்த்தேன். உப்புத் தண்ணீரில் நின்று நின்று பாதம் முழுக்க வெடிப்பு. சுற்றியிருந்த துணி சிவந்து ஈரமாக இருந்தது. "முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா, அமைப்பாளருங்ககிட்ட நான் பேசியிருப்பேனே" என்றேன். அவர் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "சொன்னா நீங்க பாவம் பாப்பீங்க சார். பாவம் பாக்குற நடுவரு ஒழுங்கா விசில் ஊத மாட்டாரு."

இரண்டு பேர், ஐந்து பேர்

அதே வருஷம், மழைக்கு முன்னால், வானூரில் ஒரு அரையிறுதி. ஐந்து ஃபவுல் செய்தவர் வெளியே போக வேண்டும் என்பது விதி. மாற்றாள் இல்லாத அணிக்கு அதுதான் எமன். கடைசி கட்டத்தில் குமுதாவின் அணியில் ஒருவர் பின் ஒருவராக மூன்று பேரை நானே வெளியே அனுப்ப வேண்டியதாயிற்று. களத்தில் மிச்சம் குமுதாவும் தேவகியும். இரண்டு பேர் இருக்கிறவரை ஆட்டம் தொடரலாம், ஒருவர் மட்டும் என்றால் முடிந்தது. அவர்கள் அணிக்கு ஒரு பாயிண்ட் முன்னிலை. நாற்பது விநாடி பாக்கி. தேவகி எல்லைக்கு வெளியே நின்று பந்தை உள்ளே எறிய வேண்டும். வாங்கிக்கொள்ள ஒரே ஆள். அவரைச் சுற்றி ஐந்து பேர்.

குமுதா கூடையை நோக்கி இரண்டு அடி ஓடி, சட்டென்று திரும்பினார். பந்து கைக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததை எத்தனை முறை சொன்னாலும் எனக்கே நம்பிக்கை வருவதில்லை. எங்கள் பக்கத்துப் போட்டிகளில் இத்தனை விநாடிக்குள் கூடையில் எறிய வேண்டும் என்கிற கடிகாரமெல்லாம் கிடையாது. அதனால் அவர் பந்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். முழங்கால் உயரத்துக்குக் கீழே, இந்தக் கை, அந்தக் கை, முதுகுக்குப் பின்னால், இரண்டு பேருக்கு நடுவே. ஐந்து பேர் துரத்தினார்கள். பிடித்து நிறுத்தி ஃபவுல் செய்யலாம் என்று பார்த்தாலும் கை எட்டவில்லை. முடிவு மணி அடித்ததும் எதிரணித் தலைவி நேராக என்னிடம் வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று தயாரானேன். அவர் சொன்னது இது: "அவங்க ரெண்டு பேரு, நாங்க அஞ்சு பேரு. நாப்பது செகண்டு சார், எங்கள்ல ஒருத்தி கை கூட பந்துல படல."

வீடியோ எடுத்தவர்

புதுச்சேரியிலிருந்து வந்த ஒரு பயிற்சியாளர், குமுதா பாஸ் கொடுப்பதைத் தன் பெண்களுக்குக் காட்டுவதற்காகக் கல்யாண வீடியோ எடுக்கிற ஆளை அழைத்து வந்து ஒரு முழு ஆட்டத்தையும் பதிவு செய்தார். அடுத்த தடவை பார்த்தபோது, பாடம் எப்படிப் போகிறது என்று விசாரித்தேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டார்: "நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பாத்துட்டேன் சார். பந்து எப்ப அந்தம்மா கைய விட்டுப் போச்சுன்னு அதுலயும் தெரியல."

தேவகிக்கு எத்தனை

அந்த 2004 டிசம்பரில் சுனாமி வந்தது. தேவகி மீனவக் குப்பத்துப் பெண். அவர் கணவரைக் கடல் கொண்டுபோய்விட்டது. உப்பளங்களில் சேறு ஏறி, குமுதாவுக்கும் பல மாதம் வேலை இல்லை. அவர் தினமும் நடந்து குப்பத்துக்குப் போய், தேவகி தங்கியிருந்த தகரக் கொட்டகையில் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவாராம். அப்புறம் ஒருநாள் பந்தை எடுத்துப் போனாராம். இதெல்லாம் அந்த அணியின் மற்ற பெண்கள் எனக்குச் சொன்னது.

2005 கோடையில், பெருமுக்கல்லில் நடந்த போட்டிக்கு இருவரும் வந்தார்கள். தேவகி கூடைக்கு அடியில் போய் நின்றார். நின்றார், அவ்வளவுதான். குமுதா பந்தைக் கொடுத்தார். அது தேவகியின் தோளில் பட்டு வெளியே போனது. மறுபடி கொடுத்தார், மறுபடி போனது. ஆட்டம் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது, இவர் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை, தானும் எறியவில்லை. "ஏம்மா, கண்ணு தெரியலையா?" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார். ஒவ்வொரு முறையும் பந்து எதிரணிக்கு என்று கை காட்டும்போது எனக்குக் கையே கூசியது. கடைசி நிமிடத்தில் இன்னொரு பாஸ். தேவகியின் இரண்டு கைகளும் உயர்ந்தன. பிடித்தார். திரும்பினார். போட்டார். அப்படியே நின்று முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். மற்ற நால்வரும் ஓடிப்போய் அவரைச் சுற்றி நின்றார்கள். நான் நேரத்தை நிறுத்தச் சொன்னேன். விதியில் அதற்கு இடம் உண்டா என்று யோசிக்கவில்லை.

பெரிய தோல்வி அது. ஆட்டம் முடிந்ததும் குமுதா ஸ்கோர் மேஜைக்கு வந்தார். மொத்தக் கணக்கை அவர் பார்க்கவே இல்லை. "தேவகி பேருக்கு எவ்ளோ சார்?" என்று கேட்டார். "ரெண்டு" என்றேன். அவர் சிரித்தார். "அப்ப ஜெயிச்சிட்டோம் சார்."

அப்புறம் யார்?

2006-இல் ஒரு சாதாரண ஆட்டத்தில், யாரும் மோதாமலேயே, குமுதாவின் முழங்கால் திருகிக்கொண்டது. நான்கு பேர் தூக்கி ஷேர் ஆட்டோவில் ஏற்றினார்கள். இனிமேல் ஆடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் செய்தி கேட்ட வாரம் விசிலைக் கையில் எடுக்கவே எனக்கு மனம் வரவில்லை.

வருஷக் கடைசியில் பெரிய முதலியார்சாவடியில் ஒரு போட்டி. போனால், புதிதாக ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டு மரக்காணம் அணி நிற்கிறது. பந்தை எடுத்து வருகிறவர் தேவகி! அணியிலேயே உயரமானவர், அதுவரை கூடைக்கு அடியை விட்டு நகராதவர். பாதி வழியில் பந்தை இன்னொரு பெண் வாங்கினார், அங்கிருந்து மூன்றாமவர். மூவரும் ஒரு பக்கம் பார்த்து மறுபக்கம் கொடுத்தார்கள். சில பாஸ் தவறியது, பல பாஸ் சேர்ந்தது. கோட்டுக்கு வெளியே ஒரு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு குமுதா உட்கார்ந்திருந்தார். பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார். இடைவேளையில் தேவகியிடம் கேட்டேன், "நீங்க எப்பம்மா கார்டு ஆனீங்க?" மூச்சு வாங்கிக்கொண்டே அவர் பதில் சொன்னார்: "அக்கா ஒருத்தியா செஞ்ச வேலை சார். இப்ப மூணு பேரு சேந்து செய்யறோம், இன்னும் ஆளு பத்தல."

நடுவர் யார் பக்கமும் சாயக் கூடாது என்பது சட்டம், அந்த மூன்று வருஷமும் சாயாமல் விசில் ஊத நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.