என் கைக்கு ஒரு குறடு

"கொடு, நான் பிடிச்சுக்கறேன்." இதை இன்னொரு முறை யாராவது என்னிடம் சொன்னால், கையில் இருப்பதை அவர்கள் காலிலேயே போட்டுவிடுவது என்று ஒரு கட்டத்தில் முடிவு செய்திருந்தேன். என் கையில் எதையும் இருக்கவே விடாததால் அதையும் செய்ய முடியவில்லை.

கேம்ப் ரோடு திருப்பத்தில், மழைக்குப் பிறகு ஒதுங்கிக் கிடந்த மணலில் ஸ்கூட்டர் வழுக்கியது. இடது மணிக்கட்டில் இரண்டு முறிவு. தகடு வைத்துத் தைத்தார்கள். கட்டைப் பிரித்துப் பார்த்தால் கை இருக்கிறது, பிடி இல்லை. விரல்கள் முழுதாக விரியவும் இல்லை, மூடவும் இல்லை. நடுவில், ஒரு வாழைப்பழத்தைப் பிடிக்கிற அளவில் மட்டும் கொஞ்சம் பலம் மிச்சம் இருந்தது. பிசியோதெரபி பெண் ஒரு மஞ்சள் ஸ்பாஞ்சுப் பந்தைக் கொடுத்து, தினமும் நூறு தடவை அமுக்கச் சொன்னாள். நாற்பத்தெட்டு வயதில், வேலைக்கு லீவு போட்டுவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்து பந்தை அமுக்குவது எவ்வளவு கேவலமாக இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

என் வீட்டுக்காரர் நல்லவர். அதுதான் பிரச்சினையே. நான் காபி டம்ளரைத் தூக்கினால் வாங்கிக்கொள்வார். பால் பாக்கெட்டை வாங்கிக்கொள்வார். ஒருநாள் சிட்லபாக்கம் ஏரிக்கரையில் நடக்கப் போனபோது, மடக்கி வைத்திருந்த குடையைக்கூட வாங்கிக்கொண்டார். அன்பாகத்தான் செய்தார். கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. ஆனால் இப்படியே இன்னும் இரண்டு மாதம் போனால் இந்தக் கை சட்டைக் கையை நிரப்புவதற்கு மட்டும்தான் என்று ஆகிவிடும், அப்புறம் அதை யாராலும் திருப்பி எழுப்ப முடியாது என்று எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. அந்தப் பயத்தை அவரிடம் சொன்னால் அதையும் வாங்கி வைத்துக்கொள்வாரே என்று சொல்லவில்லை.

அதனால் தினமும் காலையில் முடிச்சூரில் இருக்கும் என் தம்பியின் பட்டறைக்குப் போய் உட்கார ஆரம்பித்தேன். அவன் கேட், கிரில் செய்கிறவன். எங்கள் நிலமெல்லாம் பிளாட் ஆனதில் அவனுக்கு மிஞ்சிய துண்டில், சென்னை வெள்ளத்துக்குப் பிறகு இடுப்பளவு மண் கொட்டி மேடாக்கி, அந்தப் பட்டறையைப் போட்டிருந்தான். மூலையில் தார்ப்பாய் போர்த்திய ஒரு சின்ன கேஸ் உலை கிடந்தது. யாரோ ஒரு வில்லாக்காரர் கேட்டில் கையால் அடித்த இரும்பு இலைகள்தான் வேண்டும் என்றார் என்று வாங்கியது. அவர் பிறகு ரெடிமேட் இலையே போதும் என்றுவிட்டார். உலை போர்வைக்குள் போய்விட்டது.

"போரடிக்குதுன்னா ஒரு கொக்கி அடிச்சுப் பாரேன்க்கா," என்றான் தம்பி, என் வாயை அடைப்பதற்காக. வேலியில் போகிற ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டான் என்று அப்போது அவனுக்குத் தெரியாது.

நீளக் கம்பியின் ஒரு முனையை உலையில் வைத்து, மறுமுனையில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிமனாக்கி, இடது கையால் பிடித்துக்கொண்டேன். வலது கையில் சுத்தியல். இரும்பை வைத்து அடிக்கிற பட்டடைக்குப் பதில் ஒரு தண்டவாளத் துண்டு. முதல் கொக்கி கோணலாகத்தான் வந்தது. ஆனால் அடி விழுந்த இடத்தில் இரும்பு நகர்ந்ததைப் பார்த்தபோது, பல மாதத்துக்குப் பிறகு நான் சொன்ன பேச்சை ஏதோ ஒன்று கேட்டது என்று சந்தோஷப்பட்டேன். பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், கொக்கியை வெட்டி எடுத்த பிறகு மறுமுனையையும் வளைக்க வேண்டும். கைப்பிடி அளவுத் துண்டை வெறும் கையால் பிடிக்க முடியாது, குறடு வேண்டும். உலையோடு ஒரு குறடும் வாங்கியிருந்தான் தம்பி. அதன் வாயில் துண்டைக் கவ்வ வைத்தால் கைப்பிடி இரண்டும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். என் கை அவ்வளவு விரியாது. விரல் நுனியால் தொற்றிப் பிடித்துக்கொண்டு ஓங்கி ஒரு அடி அடித்தேன். சிவந்த துண்டு எகிறி, தம்பியின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அதை ஓட்டை போட்டுக்கொண்டு கீழே இறங்கியது. நல்லவேளை, அவன் எழுந்து டீ குடிக்கப் போயிருந்தான்.

திரும்பி வந்தவன் நாற்காலியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கேஸை மூடினான்.

"இன்னாக்கா இது? மூஞ்சில அட்ச்சிருந்தா இன்னா ஆவுறது? உன் கையில நிக்கிற மாதிரி ஒரு கொறடு வர்ற வரைக்கும் வெட்டின பீஸு கையில எடுக்கக் கூடாது. சொல்ட்டேன்."

"அந்தக் குறட்டோட கைப்பிடியைக் கொஞ்சம் நெருக்கிக் கொடுத்தா போதும்டா."

"அவ்ளோதானே? குடு, நான் பாத்துக்கிறேன்." சூடு பண்ணாமல் கொள்ளாமல், அதைத் தண்டவாளத்தில் வைத்து ஓங்கிப் போட்டான். அது வார்ப்பு இரும்பு. பிஸ்கட் மாதிரி இரண்டாக உடைந்தது. "சீப் மாலு," என்று அதன் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போய்விட்டான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னபோது, வீட்டுக்காரர் சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் இறக்குகிற இடுக்கியை எடுத்து வந்து நீட்டினார். "இது ஆகாதா?" என்றார். நான் படுக்கப் போய்விட்டேன்.

நானே ஒன்று அடித்துக்கொள்வது என்று தீர்மானித்தேன். நீளக் கம்பியிலேயே வாயை அடித்து, ஆணி போகும் இடத்தைத் தட்டையாக்கி, மிச்சத்தை அப்படியே கைப்பிடியாக விட்டுவிட்டால், அதைச் செய்ய வேறு குறடு தேவையில்லை. இரண்டு பாதிகள் அடித்து, ஓட்டை போட்டு, இரண்டையும் கோக்க ஒரு ரிவெட் ஆணி அறைய வேண்டும். கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருந்தது. பதினாறு எம்.எம். சதுர ராடு பட்டறையிலேயே கிடந்தது. முதல் பாதிக்கு எனக்கு நான்கு நாள் பிடித்தது. பத்து அடிக்கு ஒருமுறை கை ஓய்ந்துவிடும். கம்பியைத் தாங்கியில் வைத்துவிட்டு, விரலை ஒவ்வொன்றாக நீவிவிட்டு, மறுபடியும் உலைக்குள் வைப்பேன். கேட்டுக்கு அளவு சொல்ல வருகிறவர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஓனர் இல்லையா?" என்பார்கள்.

இரண்டாவது பாதியைத் தொடங்கும்போதுதான் தம்பி வந்து வாத்தியார் ஆனான். தரையில் சாக்பீஸால் படம் போட்டான்.

"அக்கா, கேட்டு செய்யும்போது லெஃப்ட் கதவு ஒண்ணு, ரைட் கதவு ஒண்ணு. டிசைன் ஒண்ண ஒண்ணு பாத்துகினு இருக்கணும். இதுவும் அப்டித்தான். மொதல் பீஸு இந்தப் பக்கம் வளைஞ்சு கீதா, ரெண்டாவது அந்தப் பக்கம் வளையணும். ரெண்டயும் ஒரே மாரி அட்ச்சேன்னு வையி, கேட்டு மூடாது."

"இது கேட்டு இல்லையேடா."

"எல்லாம் ஒரே கணக்குதான்க்கா. இருவது வருசமா பண்றேன்."

இருபது வருடம் என்றால் நம்ப வேண்டியதுதானே? நம்பினேன். படத்தின் மேல் வைத்து வைத்துப் பார்த்து, கண்ணாடியில் தெரிகிற மாதிரி அச்சு அசலாக எதிர்ப்பக்கம் அடித்தேன். இந்த முறை மூன்று நாள்தான். கை கொஞ்சம் தேறியிருந்தது. எனக்கே பெருமை. இரண்டையும் தட்டைப் பக்கம் தட்டைப் பக்கத்தைத் தொடும்படி சேர்த்து வைத்தேன். கும்பிடு போட்ட இரண்டு கைகள் மாதிரி ஒன்றன் மேல் ஒன்று ஒட்டிக்கொண்டன. வாய் மேல் வாய், கைப்பிடி மேல் கைப்பிடி. குறுக்கே போகவே இல்லை. இப்படித் திருப்பினேன், அப்படித் திருப்பினேன். எப்படித் திருப்பினாலும் கும்பிடுதான்.

தம்பியும் திருப்பிப் பார்த்தான். தலையைச் சொறிந்தான். பேன்ட் பாக்கெட்டிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்து, அதன் மூக்கால் முதுகைச் சொறிந்துகொண்டான்.

"அதை இங்க குடுடா," என்றேன்.

பிளேயரை வாங்கி விரித்துப் பார்த்தேன். இரண்டு பாதியும் ஒன்றேதான். ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு ரிவெட் அடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இரண்டு பேருமே வலது கையை நீட்டினால்தான் கை குலுக்க முடிகிறது, அந்த மாதிரி. இருபது வருடமாக இவன் பாக்கெட்டில் இதைப் போட்டுக்கொண்டு அலைகிறான். ஒருநாள் கூடவா பார்க்கவில்லை? அவனைச் சொல்லி என்ன, என் வீட்டுச் சமையலறையில் இடுக்கி இருக்கிறது. இத்தனை வருடமாக அதில்தான் பால் இறக்கியிருக்கிறேன். நீட்டிய மனிதரிடம் கோபித்துக்கொண்டு படுக்கப் போனேனே தவிர, அதைத் திருப்பிப் பார்த்தேனா?

"இன்னாடா பண்ணி வச்சிக்கிற!" என்று கத்தினேன். எங்கள் ஊர்ப் பேச்சு எனக்குக் கோபத்தில்தான் வரும். மூன்று நாள் உழைப்பைப் பழைய இரும்புக் குவியலில் எறிந்தேன். எறிந்தது இடது கை என்பதைக்கூட அப்போது நான் கவனிக்கவில்லை.

மூன்றாவது பாதியை முதல் பாதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அடித்தேன். தம்பியைக் கிட்டே விடவில்லை. ஓட்டை போட்டேன். ரிவெட்டைச் சிவக்கக் காய்ச்சி இறக்கி, இரண்டு பக்கமும் தலையை அறைந்தேன். நிமிர்ந்து பெருமூச்சு விட்ட நேரத்தில் பின்னாலிருந்து ஒரு மக் தண்ணீர் வந்து அதன் மேல் விழுந்தது.

"சூடா கீதேன்னு ஊத்துனேன்க்கா," என்றான்.

குறடு இறுகிவிட்டது. திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை. சாட்சாத் என் கையே மாதிரி. எனக்கு அழுகை வந்தது, உண்மையாகவே. அவன் பயந்துபோய் மக்கை மறைத்துக்கொண்டான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டேன். பிறகு ரிவெட் இருக்கிற இடத்தை மறுபடி சிவக்க வைத்து, கைப்பிடிகளைத் திறந்து மூட ஆரம்பித்தேன். ஆறும் வரைக்கும் அசைத்துக்கொண்டே இருந்தால் இறுகாது என்று, சுடும்போது அது தானாக நெகிழ்ந்ததைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். முதலில் வலது கையால் அசைத்தேன். வலித்ததும் இடது கைக்கு மாற்றினேன். பிறகு வாயில் ஒரு கம்பித் துண்டைக் கவ்வ வைத்து, இன்னொரு முறை காய்ச்சி, கைப்பிடி இரண்டும் என் வாழைப்பழ அளவுக்கு வரும் வரை தட்டி நெருக்கினேன். பார்க்க லட்சணமாக இல்லை. ஒரு கைப்பிடி மற்றதைவிட அரை விரல் நீளம்.

சாயங்காலம் வீட்டுக்காரர் என்னை அழைத்துப்போக வந்திருந்தார். தம்பி குறட்டைத் தூக்கிப் பார்த்தான், பிடித்துப் பார்த்தான். அவன் அகலக் கைக்கு அது ஒத்துவரவில்லை. "இது இன்னா, சொப்பு சாமானா?" என்றான். பிறகு முழ நீளக் கம்பி ஒன்றை எடுத்து வந்தான். சுடாத கம்பிதான்.

"இத புடி. லெஃப்ட் கையால. நான் இழுப்பேன். நழுவுச்சுன்னா கேஸ மூடிட்டு வூட்டுக்குப் போயி பந்த அமுக்கு. ஒத்துக்கிறியா?"

ஒத்துக்கொண்டேன். வீட்டுக்காரரின் கை தன்னால் நீண்டது. "கொடு, நான்..."

"மாமா, நீங்க கம்முனு இருங்க," என்றான் தம்பி.

கம்பியின் முனையைக் குறட்டில் கவ்வி இறுக்கினேன். மறுமுனையைப் பிடித்து அவன் லேசாக இழுத்தான். நழுவவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தான். தகடு வைத்த இடத்தில் சுரீர் என்றது. பிறகு ஒரு காலைத் தண்டவாளத்தில் உதைத்துக்கொண்டு, கேட் தூக்குகிறவன் முழு பலத்தையும் போட்டு இழுத்தான். என் செருப்பு சிமென்ட் தரையில் தேய்ந்துகொண்டு இரண்டடி முன்னால் போனது. நான் போனேன், குறடு போனது, கம்பி குறட்டின் வாயிலேயே இருந்தது. அவன் முகம் சிவந்துவிட்டது.

"போதும்க்கா. வுடு," என்றான்.

நான் விடவில்லை.

"அதான் ஒத்துக்கினேன்ல. வுடுக்கா."

'வுடு.' ஐந்து மாதத்தில் யாரும் என்னிடம் சொல்லாத வார்த்தை அது. வலியில் கண்ணில் தண்ணீர் நின்றது. வீட்டுக்காரர் இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு நின்றார்.

"மொதல்ல நீ வுடுடா," என்றேன்.

அவன்தான் விட்டான்.