கம்பிக் கையுறை

ஆஸ்டின் டவுனில் எனக்குக் கறிக்கடை. எதிர்வீட்டு ஆன்ட்டி எஃகுக் கம்பியைச் சின்னச் சின்ன வளையமாக்கி, ஒன்றோடொன்று கோத்து, கம்மலும் மாலையும் செய்து விற்பார். ஒல்லி உடம்பு, நரைத்த கிராப்பு. எதைச் செய்தாலும் முதலில் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்ப்பார். கீறினால் பிரித்துவிடுவார்.

ஒருமுறை கறி அறுக்கும்போது என் இடது கட்டைவிரல் கிழிந்து தையல் போட்டேன். அது ஆறுவதற்குள், முழுக்க அதே வளையங்களால் ஒரு கையுறை செய்துகொண்டு வந்தார்.

"நான் என்ன ராஜாவா ஆன்ட்டி, சண்டைக்குப் போக? கத்தி முன்னாடி இதெல்லாம் நிக்காது."

கையுறையைத் தன் கையில் மாட்டி, அந்தக் கையைக் கறிக்கட்டைமேல் வைத்தார்.

"அறு. கொத்தாதப்பா, எலும்பு உடைஞ்சிடும். அழுத்தி இழு."

"பைத்தியமா? விரல் போனா எதை வெச்சு நகை செய்வீங்க?"

"அது என் தலைவலி. கஸ்டமர் நிக்கிறாங்க பாரு, சீக்கிரம்."

கோபத்தில் அழுத்தியே இழுத்தேன். கத்தி வழுக்கிக்கொண்டு போனது. கையுறையைக் கழற்றி உள்ளங்கையை விரித்தார். ஒரு கீறல் இல்லை.

இப்போது அதை மாட்டாமல் நான் கத்தியைத் தொடுவதில்லை. ஆனால் ஒன்று இன்னும் புரியவில்லை. தினமும் பிடிக்கிற கத்தியை நானே நம்பியதில்லை. அந்த அம்மா என் கோபத்தையும் சேர்த்து எப்படி நம்பினார்?