மிஸ்ஸின் பட்டத்துக்கு நாங்கள் போட்ட புள்ளி

துணுக்காய்ச் சிவநேசன். ஸ்கந்தபுரத்து ரமணன். ஓமந்தையிலிருந்து பஸ்ஸில் வரும் நியாஸ். நான். இன்னும் கொஞ்சப்பேர், முகம் இருக்கிறது, பெயர் வரவில்லை. முன்னால், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மிஸ்.

நேற்றுக் கிளிநொச்சியில் போட்டோக்கொப்பி எடுக்கப் போனேன். தாள் சூட்டோடு கைக்கு வந்தது. அந்த மணத்தோடு இவர்களும் வந்துவிட்டார்கள். நான் கூப்பிடவில்லை.

சண்டை முடிந்து மூன்றாம் வருடமோ, நாலாம் வருடமோ. தொழிற்கல்லூரிக் கொட்டகையில் வெல்டிங் படித்தோம். படித்தோம் என்பது பெரிய சொல். கரண்ட் இருந்தால் ஒட்டுவோம், இல்லாவிட்டால் சும்மா இருப்போம். மிஸ் கம்பஸில் கடைசி வருடம். மாணவர்கள் வேலையை எவ்வளவு தள்ளிப்போடுகிறார்கள் என்று அளக்க வந்தார். போட்டோக்கொப்பித் தாளில் இருபது கேள்விகள். ‘ஒருபோதும் இல்லை’ என்றால் ஒரு புள்ளி, ‘எப்போதும்’ என்றால் ஐந்து. இதை வைத்துத்தான் தனக்குப் பட்டம் என்றார்.

எங்களுக்குக் கேள்வித்தாள் புதிதல்ல. அகதி முகாமில் நிரப்பினோம், ஊர் திரும்பியும் நிரப்பினோம். கூரைக்குத் தறப்பாள், மண்வெட்டி, கோழிக்குஞ்சு எல்லாம் அப்படித்தான் வந்தன.

“டேய், எல்லாத்துக்கும் ஐஞ்சு போடுங்கோடா. மோசம் எண்டாத்தான் தருவாங்கள்,” என்றான் சிவநேசன்.

“என்னத்தைத் தருவாங்கள்?”

“கோழியாவது வரும். உனக்கென்ன, போடு.”

போட்டோம். நான் கேள்வியை வாசிக்கவே இல்லை.

மிஸ் கூட்டினார். எல்லாருக்கும் நூறு. அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

“தம்பியவை, இது நிவாரணம் இல்லை. ஒருத்தரும் ஒண்டும் தரமாட்டினம். உண்மையைப் போடுங்கோ. திங்கட்கிழமை குடுக்காட்டி என்ர பட்டம் போயிடும்.”

“ஐயோ மிஸ், அழாதேங்கோ,” என்றான் நியாஸ். “நாங்கள் இருக்கிறம்தானே.”

புதுத் தாள் தந்துவிட்டு வாசலில் போய் நின்றார். இந்த முறை வாசித்தேன். ‘செய்யாமல் விட்டதை நினைத்துக் கவலைப்படுவேன்.’ யோசித்துப் பார்த்தேன். அந்த நாளில் கவலை என்று ஒன்று எனக்கு இருந்ததாகத் தெரியவில்லை. எந்தக் கட்டத்தில் அதைப் போடுவது?

ரமணன் குனிந்தான். “பாவமடா அவா. எங்களாலை பெயிலாகக் கூடாது. எல்லாத்துக்கும் ஒண்டு போடுவம். நாங்கள் நல்ல பெடியள் எண்டு வந்தா அவாக்கும் நல்ல மாக்ஸ்.”

சரியாகத்தான் பட்டது.

அந்தக் கொட்டகை இப்போது இல்லை. டயர்க்கடை நிற்கிறது. நியாஸ் கட்டாரில். சிவநேசன் பிரான்ஸ் என்கிறார்கள். ரமணனைப் பற்றி ஒருவருக்கும் தெரியாது. மிஸ்ஸுக்குப் பட்டம் கிடைத்ததா என்று கேட்க ஆளில்லை.

அன்று இரண்டாம் முறையும் மிஸ் எங்களுக்கு முன்னால் வைத்துத்தான் கூட்டினார். ஒவ்வொரு தாளாக, அவசரப்படாமல் ஆறுதலாக. கடைசித் தாள் என்னுடையது.

இருபது.