ரெண்டு பிஸ்கட்டோட ஒரு மாத்திரை

எங்கள் பணிமனையில் பேருந்து ஓட்டும் ஒரே பெண் அவள். அவளுடைய வண்டியின் நடத்துநர் நான். வருடாந்திர மருத்துவச் சோதனையில் அவளுக்கு ஹீமோகுளோபின் ஏழுதான் இருந்தது. வண்டியைத் தொடக் கூடாது என்று சொல்லி, பயணிகள் மறந்துவிட்டுப்போன குடைகளும் பைகளும் குவிந்து கிடக்கும் அறையில் உட்காரவைத்துவிட்டார்கள். ஆறு மாதத்தில் பத்தைத் தாண்டாவிட்டால் ஓட்டுநர் வேலை நிரந்தரமாகப் போய்விடும்.

அதுவரை வைத்தியம் பார்த்தவர் யார் தெரியுமா? அவளுடைய அக்கா புருஷன். மருந்துக்கடை வைத்திருப்பதாலேயே தன்னை டாக்டர் என்று நினைத்துக்கொண்ட மகானுபாவர். மூன்று வருடமாக இரும்புச்சத்து மாத்திரை. சிவப்பு போய்ப் பச்சை வந்தது, பச்சை போய் டானிக் வந்தது, டானிக் போய் மறுபடியும் சிவப்பு வந்தது. வயிற்றைப் பிரட்டுகிறது என்றாள்.

"வெறும் வயித்துல போட்டா அப்படித்தான். ரெண்டு பிஸ்கட்டோட போடு."

வயிறு ஊதுகிறது, அடிக்கடி பேதியாகிறது என்றாள்.

"எல்லாம் மனசுதான். பொம்பளைக்கு எதுக்கு ஸ்டியரிங்?"

அந்த வாய்க்கு ஒரு பூட்டு விற்றால் நானே வாங்கியிருப்பேன்.

இரண்டாவது மாதம் அரசு மருத்துவமனைக்குப் போனாள். அங்கிருந்த டாக்டரம்மா மாத்திரைச் சீட்டுகளை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

"மாத்திரையை எதோட போடுறீங்க?"

"பிஸ்கட்டோட."

"தினமுமா?"

"மூணு வருஷமா."

ரத்தப் பரிசோதனை செய்தார்கள். வாய்வழியாகக் குழாய் விட்டுக் குடலில் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். சீலியாக் நோய். கோதுமையில் இருக்கும் ஒரு புரதம் அவளுக்கு ஆகவில்லை; பிஸ்கட்டின் மைதாவும் கோதுமைதான். குடலின் உள்தோலைக் கெடுத்திருந்தது. இரும்பை உறிஞ்சவேண்டிய இடமே அதுதான். மாத்திரை உடம்பில் ஒட்டாமல் தன் வழியைப் பார்த்துக்கொண்டு வெளியே போயிருக்கிறது. கோதுமையும் பார்லியும் ஆயுசுக்கும் கூடாது என்ற டாக்டரம்மா, இரும்பை ஊசிவழியாக நேரே ரத்தத்தில் ஏற்றினார்.

தினமும் முதல் நடை முடிந்ததும் அந்த பிஸ்கட்டை ஓடிப்போய் வாங்கி நீட்டிய புத்திசாலி யார்? நான்தான். என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

ஆறாவது மாதம் பதினொன்றைத் தொட்டது. அவள் மறுபடி வண்டியெடுத்த அன்று, அக்கா புருஷன் முன்வாசலில் ஏறி ஒரு பிஸ்கட் பொட்டலத்தை நீட்டினார்.

"பாத்தியா, லேட்டானாலும் என் மாத்திரை வேலை செஞ்சிருச்சு."

அவள் அதை வாங்கி என்னிடம் கொடுத்தாள். "அண்ணே, யாரோ மறந்துட்டுப் போயிட்டாங்கன்னு எழுதி அந்த ரூம்ல வைங்க."

"உங்க அத்தானையுமா?"

"அவரைத் தேடி யாரு வரப்போறா?" என்று கியரைப் போட்டாள்.